நீங்கு நிலம்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும், சாயங்காலம் போய்ப் பாருங்கள். உச்சிக்கல் ஒற்றைக் கல் என்பார்கள், சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பார்கள். ஆனால் விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துகளைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் பேசுவதில்லை. புகைப்படம் எடுப்பவர்கள் அதில் சாய்ந்துகொண்டு எடுப்பார்கள், அவ்வளவுதான். காரணம் எளிது. அந்த எழுத்துகளில் பெரும்பகுதி கணக்கு. கணக்கை யார் படிப்பார்கள்?

நான் படிக்கப் போனதும் கணக்கு வழியாகத்தான். சில வருடம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். அரசு மானியம் வாங்கும் நிறுவனம். மானியம் வாங்கினால் நிதியாண்டு முடிந்ததும் யூசி கொடுக்கணும், அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ்: இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவானது, மிச்சம் இவ்வளவு, கையெழுத்து, முத்திரை. அங்கே மூத்த கணக்கர் ஒருவர் இருந்தார். எந்த நிறுவனத்தின் அறிக்கை கையில் கிடைத்தாலும் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். "கொடுத்ததை எல்லாரும் பெருசா எழுதுவாங்கம்மா. எதைக் கழிச்சாங்க, எதுக்குக் கழிச்சாங்கன்னு பாரு. ஊரு அங்கதான் தெரியும்" என்பார். ஏன் சார் அப்படி என்று கேட்டால் சிரிப்பார். வேலையை விட்டு வந்த பிறகு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியை ஒரு பிடிஎஃப் கோப்பாக இறக்கிப் படிக்க ஆரம்பித்தபோது, அவர் சொன்ன முறையிலேயே என் கண் போனது.

முதலில் முன்பக்கம். முதலாம் இராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். கிட்டத்தட்ட கி.பி. 1010. தஞ்சாவூர் அரண்மனைக்குள் 'இருமடி சோழன்' என்ற பகுதியின் கிழக்கே இருந்த திருமஞ்சன சாலையில் அரசன் தானம் செய்துகொண்டிருக்கிறான். அப்போது ஓர் உத்தரவு போடுகிறான்: இந்தக் கோயிலுக்கு நான் கொடுத்ததையும், அக்கா கொடுத்ததையும், என் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்தின் கல்லிலேயே வெட்டுங்கள். உத்தரவு பிறந்த இடம் குளியல் கூடம் என்பதைக்கூடப் பதிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் எந்தக் கூட்டத்தில் எந்த முடிவு எடுத்தோம் என்று எழுத நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்!

அரசர்கள் கொடை கொடுப்பது புதிதில்லை. அதை எழுதி வைப்பதும் புதிதில்லை. பெரிய நிலக்கொடைகள் செப்பேட்டில் ஏறின. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான். அதைச் சொல்லும் ஏடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. இப்படிப்பட்ட ஏடுகளில் ஓர் அரசாணை எத்தனை கை மாறியது என்பது வரிசையாக வரும்: அரசன் வாயால் சொன்னதைக் கேட்டு ஓலையில் எழுதியவர், சரிபார்த்தவர், புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகம் வைத்திருந்தவர், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலைக்காரர். 'திணைக்களம்' என்ற சொல் ஈழத்தில் இன்றைக்கும் அரசுத் துறையின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. இங்கேதான் நாம் தொலைத்துவிட்டோம்.

ஆனால் செப்பேடு, கொடை வாங்கியவரின் கையில் இருக்கும் பத்திரம். வளையத்தில் கோத்து, அரச முத்திரை வைத்து, பத்திரமாகப் புதைத்துக்கூட வைப்பார்கள். ஊருக்கு அந்தச் செய்தி வேறு வழியில் போனது. நாட்டார் முன்னிலையில் ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்திக் கூட்டிப் போவார்கள். அது சுற்றி வந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். எழுத்தறியாத ஒருவருக்கும் அன்றைக்கு விஷயம் புரிந்திருக்கும்: இன்று முதல் இந்த நிலத்தின் வரி வேறு இடத்துக்குப் போகிறது. அரசுக் கொடையை ஊரறியச் செய்ததில் இதைவிடப் பச்சையான முறை எனக்குத் தெரியவில்லை.

பெரிய கோயிலில் இராஜராஜன் செய்தது, பத்திரத்தைக் கட்டடத்தின் மேலேயே எழுதியது. அதுவும் எவ்வளவு நுணுக்கமாக! பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற எடைக்கல், நகைகளை நிறுக்க தக்ஷிணமேருவிடங்கன் என்ற எடைக்கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் எடை வரும். ஒரு நகையில் அரக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். முத்தை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு என்று தரம் பிரித்து எண்ணுவார்கள். வைரத்தில் புள்ளி இருந்தால் புள்ளி இருக்கிறது என்று கல்லில் வெட்டுவார்கள். கொடுத்தது அரசன் என்பதற்காகக் கறை மறைக்கப்படவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் உண்டு. சேரனையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து செய்தவை இவை, தன் சொந்தப் பண்டாரத்திலிருந்து கொடுத்தவை இவை என்று பிரித்தே எழுதியிருக்கிறது. சத்தியாசிரயனை வென்று திரும்பி வந்து பொற்பூ இட்டதும் தனியாக இருக்கிறது. கொள்ளையை மறைக்க அந்தக் காலத்தில் அவசியம் இருக்கவில்லை, அது பெருமை. எப்படியானாலும் நிதி ஆதாரம் தெளிவாக இருக்கிறது.

கோயிலுக்கு வந்த காசைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்தச் சபை எவ்வளவு வாங்கியது, எந்தச் செலவுக்கு அந்த வட்டி என்பது ஊர் பெயரோடு சுவரில் இருக்கும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதை ஏற்றுக்கொண்ட இடையர் தினம் ஒரு உழக்கு நெய் கொண்டுவர வேண்டும். இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடு. மந்தையில் எது செத்தாலும் எது பிறந்தாலும் கணக்கில் 96 அப்படியே நிற்கணும். மூலதனம் கரையக் கூடாது என்பதை இதைவிட அழகாக எந்தத் தணிக்கையாளரும் சொன்னதில்லை. அந்த ஆட்டுக்காரரின் பெயரும் ஊரும்கூடச் சுவரில் உண்டு.

இவற்றில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது 400 பெண்களின் பட்டியல். சோழநாடு முழுக்கப் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள். மதிலின் வெளிப்புறத்தில் ஒவ்வொருவரும் பெயரோடு வருகிறார்கள்: எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு வேலி நிலம். இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைத் தொடரலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். அவர்களுக்குப் பின்னால் வாத்தியக்காரர், கணக்கர், தையல்காரர், துணி வெளுக்கும் ஈரங்கொல்லி, கன்னார், தச்சர், தட்டார் என்று பட்டியல் நீள்கிறது.

இதை நம் சட்டத்தோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாடு 1997லேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம். 2005இல் வந்த மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. அரசுப் பணத்தைப் பெருமளவு வாங்கும் தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, எங்கள் மாதிரிச் சின்ன அலுவலகங்களில் கொஞ்சம் கலவரம்தான். "வீட்டு வாடகை ரசீதுகூடக் கேப்பாங்களா சார்?" என்று நான் கேட்டேன். பெயர், தொகை, எதற்கு, யாருக்கு. இந்த நான்கையும் வெளியிட்டால் வெளிப்படை என்று நாம் நினைக்கிறோம். அந்த அளவில் பார்த்தால் பெரிய கோயில் சுவர் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

ஆனால் 400 கலங்கள் இல்லை, 400 பெண்களுக்கு நூறு நூறு கலம். அதாவது அவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம் நெல். இந்த நெல் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பின்பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

கோயிலுக்கு வருவாய் தரும்படி இராஜராஜன் ஒதுக்கிய சோழநாட்டு ஊர்களின் விவரத்தை இரண்டு நீண்ட கல்வெட்டுகள் சொல்கின்றன. சுமார் 40 ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரே வாய்பாடு. ஊரை அளந்தபடி மொத்த நிலம் இவ்வளவு வேலி. அதில் வரி இல்லாமல் நீங்கும் நிலம் இவ்வளவு. மிச்சம், வரி கட்ட வேண்டிய நிலம், இவ்வளவு. அதற்கு அளக்க வேண்டிய நெல் இவ்வளவு. அளவை வேலியில் நிற்காது. மா, காணி, முந்திரி என்று இறங்கும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி, அது முந்திரியின் 320இல் ஒரு பங்கு. இன்னும் கீழேயும் போவார்கள். உண்மையில் எந்தக் கோலாலும் அளக்க முடியாத சிறு துண்டுகள் அவை. கணக்கர் வகுத்துக்கொண்டே போனதில் வந்த எண்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் நின்ற இடம் இரண்டாவது வரி. 'இறையிலி நீங்கு நிலன்' என்று அதைச் சொல்வார்கள். கழித்த நிலம் என்றால் ஏன் கழித்தோம் என்று காரணம் காட்ட வேண்டுமே. அதனால் கணக்கர் ஒவ்வொன்றாக எழுதுகிறார். ஊர்நத்தம். கோயில்கள். குளம். இந்த ஊரை ஊடறுத்துப் போய் வேறு ஊர்களுக்குப் பாயும் வாய்க்கால். கம்மாளர் குடியிருக்கும் கம்மாணச்சேரி. வண்ணாரச்சேரி. ஈழச்சேரி. பறைச்சேரி. சுடுகாடு. பறைச்சுடுகாடு. ஒன்றிரண்டு இடங்களில், தீண்டாச்சேரி.

சுடுகாடு என்று ஒரு வரி, பறைச்சுடுகாடு என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே ஊரில்.

இதைச் சொல்ல யாரும் உத்தேசிக்கவில்லை என்பதுதான் விஷயம். சேரியை ஊருக்கு வெளியே வைத்தோம் என்று எந்த மெய்க்கீர்த்தியும் பாடாது. மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச்சாலை வரும், ஈழம் வரும், வெற்றிகள் வரும். ஒரு கோயிலுக்கு ஒதுக்கிய மானியத்தின் நிகரத் தொகையைச் சரியாகக் காட்ட வேண்டிய கட்டாயத்தில், வருவாய்க் கணக்கர் ஒருவர் ஊரின் வரைபடத்தையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காவிரியின் வளமான பகுதியில், யார் எங்கே குடியிருந்தார்கள், யார் யாரைத் தொடவில்லை, செத்த பிறகும் யார் யாரோடு எரியவில்லை என்பதற்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான ஆதாரம் ஒரு கழிவுப் பட்டியல். ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா இந்த 40 ஊர்களின் கணக்கை அட்டவணை போட்டு, சோழர் காலத்து ஊர் எப்படி அமைந்திருந்தது என்பதை எடுத்துக் காட்டினார். அவர் படித்ததும் கழிவுகளைத்தான்.

இந்த வரியை வைத்து ஒரு வாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "பார்த்தீர்களா, சோழர்கள் பறைச்சேரிக்கு வரிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள்" என்று. எனக்கு இது கணக்குப் படிக்கத் தெரியாத வாதமாகத் தெரிகிறது. விளையாத நிலத்துக்கு நெல் வரி போட முடியாது, அவ்வளவுதான். சேரிக்குக் கிடைத்த அதே 'விலக்கு' சுடுகாட்டுக்கும் குளத்துக்கும் கிடைத்திருக்கிறது. சேரியில் குடியிருந்தவர்கள் வரியிலிருந்து தப்பினார்கள் என்று இதற்குப் பொருள் வராது. அடுத்த வரியில், வரி கட்ட வேண்டிய நிலத்தில், உழைப்பாக அவர்கள் இருந்திருப்பார்கள். பெயரில்லாமல்.

2019இல் ஒரு திரைப்பட இயக்குநர் இராஜராஜன் காலத்து நிலப்பறிப்பைப் பற்றி மேடையில் பேச, வழக்கு போட்டார்கள், தொலைக்காட்சியில் ஒரு வாரம் ஓடியது. எனக்கு நினைவிருப்பது சத்தம்தான். பொற்காலமா இருண்ட காலமா என்று அடித்துக்கொண்டவர்களில் மிகச் சிலரே அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நிலக்கொடைகளில் 'குடிநீக்கிய தேவதானம்' என்றொரு வகையே உண்டு: முன்பிருந்த குடிகளை நீக்கிவிட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஊர். நீக்கப்பட்டது உழுதவர்களா, நில உரிமையாளர்களா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நீக்கப்பட்டார்கள் என்பதை அரசாணையே சொல்கிறது. மறைக்க வேண்டிய சொல்லாக அது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

சுவரில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு மதியம் பிரித்து எழுதிப் பார்த்தேன். கொடுத்த அரசன், அக்கா குந்தவை, தேவியர், ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி, கடன் வாங்கிய சபைகள், ஆடு வாங்கிய இடையர், 400 பெண்கள், சங்கு ஊதியவர் வரைக்கும் பெயர் உண்டு. பெறுபவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நெல் அளந்த ஊர்களில் ஒரு உழவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. கொடை எங்கே போகிறது என்பதில் அவ்வளவு வெளிச்சம்; யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதில் ஊர் பெயரோடு நின்றுவிடுகிறது. கோயிலுக்குக் காவலாட்களை அனுப்ப வேண்டிய ஊர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஆளையும் அனுப்பி, அந்த ஆளுக்கான நெல்லையும் அந்த ஊராரே அளக்க வேண்டும். கொடுத்தவர்கள் பட்டியலில் அந்த ஊர்கள் வராது.

ஊர்களும் சோழநாட்டோடு நிற்கவில்லை. வேறு மண்டலங்களில் வருவாய் ஒதுக்கிய ஊர்களைச் சொல்லும் ஒரு கல்வெட்டில் மும்முடிசோழ மண்டலமான ஈழத்து ஊர்களும் வருகின்றன. நெல்லாக, காசாக, இலுப்பைப்பாலாக அவர்கள் தஞ்சைக்குச் செலுத்த வேண்டும். கொட்டியாரம் என்ற பெயரை அதில் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. கடல் தாண்டி இருந்த ஒரு கிராமத்தின் வரி இங்கே ஒரு விமானத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டியாயிற்று, பகிரங்கம்தான். அந்தக் கிராமத்துக்காரர் ஒருவர் வந்து தன் ஊர்க் கணக்கைச் சரிபார்க்க எத்தனை நாள் பயணம் செய்ய வேண்டும்? வந்தாலும், "இது தப்பு, எங்க குளத்தைக் கழிக்கலையே" என்று யாரிடம் சொல்வார்? அந்தச் சுவரின் உண்மையான வாசகர்கள் அடுத்த தலைமுறை அதிகாரிகளும் கோயில் கணக்கர்களும்தான் என்று நினைக்கிறேன். வரி கொடுத்தவர்களுக்கு யானைதான் தெரிந்தது.

அந்த வாசகர்களும் ஒரு கட்டத்தில் போனார்கள். எழுத்து மாறியது, ஆட்சி மாறியது, கல்லில் இருந்ததைப் படிக்க ஆளில்லாமல் போனது. 1886இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் இ. ஹுல்ட்ஸ் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து 1891 முதல் அச்சில் கொண்டுவர ஆரம்பித்தார். வெங்கையா போன்றவர்கள் தொடர்ந்தார்கள். இன்று நாம் பிடிஎஃப்பில் தேடுவது அவர்களின் உழைப்பை. பழைய கோயிலை இடித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டி, இது ஒரு பழங்கற்படி என்று ஒரு குறிப்பும் சேர்க்கும் வழக்கம் சோழர் காலத்தில் இருந்தது. நாமோ திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து, பல கோயில்களில் எழுத்தை மழுங்கடித்தோம். மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது. அச்சேறாத கல்வெட்டுகளுக்குள் இன்னும் எத்தனை ஊர்களின் கழிவுப் பட்டியல் இருக்கிறதோ.

நிகரத் தொகையை மட்டும் வெளியிட்டிருந்தால் நமக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. இந்த ஊரிலிருந்து கோயிலுக்கு இவ்வளவு கலம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். இன்றைய மானியப் பட்டியல்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன: நிறுவனத்தின் பெயர், திட்டத்தின் பெயர், லட்சத்தில் தொகை. நானே அப்படிப்பட்ட அட்டவணைகளை எத்தனையோ தயாரித்திருக்கிறேன். மொத்தம் எவ்வளவு, எதைக் கழித்தோம், ஏன் கழித்தோம் என்ற இடைவரிகள் கோப்புக்குள் இருக்கும், கேட்டால் கிடைக்கும், கேட்பதற்கு அவை இருப்பது தெரிய வேண்டும்.

2021இல் தமிழ்நாடு அரசு ஓர் ஊக்கத்தொகையை அறிவித்தது. சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள முன்மாதிரிச் சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய். அறிவிப்பைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டாவது வரி ஞாபகம் வந்தது. அரசு ஊருக்குக் கொடுக்கும் பணத்தின் கணக்கில் சுடுகாடு மறுபடி வருகிறது. அந்தத் தொகையை வாங்க ஊரில் எல்லோருக்கும் ஒரே சுடுகாடு இருக்க வேண்டும்.